கம்பி இல்லாத போனும் ஆள் இல்லாத வீடும்

பட்டிமன்றத் தலைப்பு: வீட்டுத் தொலைபேசியில் வந்த புது வசதிகள் குடும்பத்துக்கு உதவியா? உபத்திரவமா?
'உதவியே' அணியில் இரண்டாவதாகப் பேசியது. இடம்: நாமக்கல்.

நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! கார்ட்லெஸ் போனைத் தூக்கிக் கிணற்றில் போடச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கும் எதிரணி அண்ணன் அவர்களே! (சிரிப்பு) பதினெட்டு அடி உயரத்தில் கைகூப்பி நிற்கிற ஆஞ்சநேயர் ஊரிலே கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

எதிரணி அண்ணன் அழகாகப் பேசினார். அதை மறுக்கவில்லை. "அந்தக் காலத்திலே போன் ஹாலிலே இருந்தது. குடும்பமே சுற்றி உட்கார்ந்து பேசியது. கார்ட்லெஸ் வந்தது, ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டார்கள். ஆன்சரிங் மெஷின் வந்தது, வீட்டிலே ஆள் இருந்தும் ஆள் இல்லை என்று ஆகிவிட்டது" என்றார். கேட்கும்போது எனக்கே கைதட்டத் தோன்றியது. ஆனால் நடுவர் அவர்களே, குடும்பமே சுற்றி உட்கார்ந்திருந்தது சரி. அதிலே பேசியது யார்? அதை அண்ணன் சொல்லவே இல்லையே!

நான் சொல்கிறேன். போன் எங்கே இருந்தது? ஹாலிலே. ஹாலிலே எங்கே? மாமனார் உட்காருகிற ஈஸிசேருக்குப் பக்கத்திலே. அதற்கு ஒரு முக்காலி. முக்காலிக்கு மேலே மாமியார் பின்னிய ஒரு ஒயர் விரிப்பு. டயலுக்கு ஒரு குட்டிப் பூட்டு. (சிரிப்பு) சிரிக்கிறீர்கள், பாதிப்பேர் வீட்டிலே அந்தப் பூட்டு இருந்திருக்கிறது! ரிசீவரிலிருந்து சுருள் சுருளாக ஒரு கம்பி. அந்தக் கம்பியை இழுத்தால் எவ்வளவு தூரம் வரும்? நாலு அடி. அந்த வீட்டு மருமகளுக்கு இருந்த பேச்சுச் சுதந்திரமும் அதே நாலு அடிதான். (கைதட்டல்)

எங்கள் பெரியப்பா மகள், என் அக்கா, ராசிபுரம் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனாள். 1998-ஆம் வருஷம். நல்ல குடும்பம். மாமனார் தங்கமான மனுஷன், பொய் சொல்லவில்லை. வாரம் ஒருநாள் பெரியம்மா போன் பண்ணும். "ஏங் கண்ணு, நல்லாருக்கியா?" "நல்லாருக்கேம்மா." "சாப்டியா?" "சாப்டேம்மா." "வேற என்ன கண்ணு?" "வேற ஒண்ணுமில்லம்மா." முடிந்தது. ஒவ்வொரு வாரமும் இதே பாட்டு. பெரியம்மா எங்களிடம் வந்து, "புள்ள சந்தோசமா இருக்குதுடி, சொல்றதுக்குக் குறையே இல்லை" என்று பெருமையாகச் சொல்லும்.

அந்த வீட்டிலே ஒரு வெளிநாட்டுச் சொந்தக்காரர் கார்ட்லெஸ் போன் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். ஒரு நாள் சாயங்காலம் பெரியம்மா கூப்பிட, அக்கா அந்த ஹேண்ட்செட்டைக் கையிலே எடுத்துக்கொண்டு அப்படியே பொடக்காளிக்குப் போனாள். மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாலே, விறகு அடுக்கியிருக்கிற இடம். அங்கே நின்று பேசினாள். எவ்வளவு நேரம்? முக்கால் மணி நேரம். என்ன பேசினாள் தெரியுங்களா? மூன்று மாதமாக உடம்பு சரியில்லை. பொம்பளைங்க சமாச்சாரம். உதிரம் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. நடந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. வீட்டுக்காரரிடம் சொல்ல வெட்கம், மாமியாரிடம் சொல்லப் பயம், அம்மாவிடம் சொல்லலாம் என்றால் போனுக்குப் பக்கத்திலே மாமனார் உட்கார்ந்து தினத்தந்தி படித்துக்கொண்டிருக்கிறார்!

நடுவர் அவர்களே, மாமனார் கெட்டவர் இல்லை. அவர் எழுந்து போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவர் வீடு, அவர் நாற்காலி. ஆனால் அவர் முன்னாலே ஒரு பெண் சொல்லக்கூடிய விஷயமா அது? மறுநாள் விடியற்காலம் பெரியப்பாவும் பெரியம்மாவும் ஒரு தார் வாழைப்பழத்தோடு, சும்மா பார்க்க வந்த மாதிரி வந்து இறங்கினார்கள். அன்றைக்கே சேலத்துக்குக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியிலே சேர்த்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். "இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா…" என்று டாக்டரம்மா பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். அந்த அக்கா இன்றைக்குப் பாட்டியாகி, இதோ இந்தக் கூட்டத்திலேதான் உட்கார்ந்திருக்கிறாள். (கைதட்டல்)

எதிரணி அண்ணன் சொல்கிறார், கார்ட்லெஸ் குடும்பத்தை மூலைக்கு மூலை பிரித்தது என்று. அண்ணா! எங்களுக்கு அந்த மூலை வேண்டியிருந்தது. அந்த மூலையைக் கம்பி கொடுக்கவில்லை.

"அது சரிம்மா, அந்த மூலைப் பேச்சு ரகசியமாவா இருந்துச்சு?" என்று எதிரணியிலே ஒரு தங்கை கேட்டது. நல்ல கேள்வி, ஒதுக்கிவிட முடியாது. பழைய கார்ட்லெஸ் என்பது என்ன? ஒரு குட்டி ரேடியோ நிலையம். பேஸ் என்கிற பெட்டி ஒரு அலைவரிசையிலே பேசும், கையிலிருக்கிற செட் இன்னொன்றிலே பேசும். அமெரிக்கக் கணக்குப்படி செய்து வந்த செட்டுகளிலே பெட்டிக்கு 46 மெகாஹெர்ட்ஸ், செட்டுக்கு 49 மெகாஹெர்ட்ஸ். ஆரம்பத்திலே மொத்தமே பத்து சேனல்தான். ஒரே தெருவிலே இரண்டு வீட்டிலே ஒரே சேனல் அமைந்துவிட்டால் என்ன ஆகும்? எங்கள் தெருவிலே ஆனது. எங்கள் வீட்டிலே செட்டை எடுத்தால், எதிர்வீட்டு மாமா தம்பிக்குத் தெரியாமல் சீட்டுப் பணம் கட்டுகிற கதை ஓடிக்கொண்டிருக்கும்! (சிரிப்பு) எங்கள் அம்மா 'ச்சீ, அடுத்தவங்க பேச்சைக் கேக்கக்கூடாது' என்று சொல்லும். சொல்லிவிட்டு வைக்காது. (பலத்த சிரிப்பு)

இது குறைதான். ஆனால் இந்தக் குறையைத் தீர்த்தது எது? மறுபடி கம்பியா? இல்லை. அடுத்து வந்த டிஜிட்டல் கார்ட்லெஸ். 'டெக்ட்' என்று பெட்டி மேலே போட்டிருக்கும். குரலை எண்ணாக மாற்றி அனுப்புகிறது. பக்கத்து வீட்டு செட் அதைச் சும்மா எடுத்துக் கேட்டுவிட முடியாது. அதே நுட்பத்தைக் கையிலெடுத்துத்தான் 1990-களிலே நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 'கார்டெக்ட்' என்று ஒன்று செய்தார்கள். கம்பி இழுக்கச் செலவு தாங்காத கிராமத்துக்குக் காற்றிலேயே போன் இணைப்பு, பத்து கிலோமீட்டர் வரைக்கும். ஹாலுக்கும் பொடக்காளிக்கும் நடுவே இருந்த கம்பியை எடுத்த அதே வேலைதான். அவர்கள் ஊருக்கும் ஊருக்கும் நடுவே எடுத்தார்கள்.

கரண்ட் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதிலே எதிரணிக்கு நியாயம் இருக்கிறது. சாதா போனுக்கு வீட்டுக் கரண்ட் வேண்டாம். எக்ஸ்சேஞ்சிலே இருக்கிற பேட்டரியிலிருந்து 48 வோல்ட் அந்தக் கம்பி வழியாகவே வந்துவிடும். ஊரே இருண்டாலும் போன் அடிக்கும். கார்ட்லெஸ் அப்படி இல்லை. பேஸுக்குக் கரண்ட் இல்லையென்றால் கையிலிருக்கிற செட்டும் விளையாட்டுச் சாமான்தான். 2012-ஐ நினைத்துப் பாருங்கள். சேலம், நாமக்கல் பக்கமெல்லாம் பகலிலே பாதி நேரம் கரண்ட் இருக்காது. அப்போது நாங்கள் என்ன செய்தோம்? அதே லைனிலே ஒரு பழைய போனையும் மாட்டி வைத்தோம். நூறு ரூபாய் சமாச்சாரம். இதற்காகக் கிணற்றையெல்லாம் தேட வேண்டியதில்லை, அண்ணா! அமெரிக்காவிலிருந்து மாப்பிள்ளை கொண்டுவந்த செட்டை, அந்த ஊர் 120 வோல்ட் அடாப்டரோடு நம்ம ஊர் 230 வோல்ட்டிலே சொருகிப் 'பட்'டென்று புகை வரவழைத்தவர்கள் இங்கே எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை. (சிரிப்பு) அங்கே கை தூக்குகிறார் பாருங்கள் ஒருவர்!

இனி ஆன்சரிங் மெஷின். இதிலேதான் எதிரணி குளிர் காய்ந்தது.

அது ஒன்றும் நேற்றுப் பிறந்த கருவி இல்லை. டென்மார்க்கிலே வால்டெமார் பவுல்சன் என்று ஒருவர், 1898-லேயே இரும்புக் கம்பியிலே காந்தத்தால் குரலைப் பதிக்க வழி கண்டுபிடித்தார். எதற்கு? போனிலே ஆள் இல்லாதபோது செய்தியைப் பிடித்து வைக்கலாமே என்கிற யோசனைதான். 1900-ல் பாரிஸ் கண்காட்சியிலே வைத்து எல்லாரையும் அசரவைத்தார். இரும்பிலே குரல் என்றால் சேலத்துக்காரர்கள் காதுக்கு இனிக்கத்தானே செய்யும்! அப்படிப்பட்ட கருவி மேல்நாட்டிலே வீட்டுக்கு வீடு போனது. நம் ஊருக்கு 1990-களிலே வந்தது. வந்து என்ன ஆனது? படுத்துவிட்டது. 'நம்ம ஜனங்களுக்கு மெஷின்கிட்டப் பேச வெட்கம், நாகரிகம் தெரியாது' என்று எதிரணி சொன்னது. அங்கேதான் நான் ஆட்சேபிக்கிறேன். எங்கள் ஜனங்களுக்கு நாகரிகமும் தெரியும், கணக்கும் தெரியும்!

எங்கள் அப்பா லாரி டிரைவர். நாமக்கல் லாரி எங்கே போகாது? இந்தூர், நாக்பூர், கௌகாத்தி. வீட்டை விட்டுப் போனால் இருபது நாள், இருபத்தைந்து நாள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் போனால் மாதக் கணக்கு. இவர்கள் வீட்டுக்குப் பேசுவது எங்கிருந்து? ரோட்டோர எஸ்.டி.டி. பூத்திலிருந்து. மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, தலைக்கு மேலே சிவப்பு எழுத்திலே ஓடுகிற மீட்டர். 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவே முதன்முதலாக வந்த எஸ்.டி.டி., எங்கள் அப்பா கைக்கு வந்து சேர்ந்தபோது பல்ஸ் கணக்கு. தூரம் கூடக் கூடப் பல்ஸ் வேகமாக விழும். பொழுது ஏற ஏறக் கட்டணம் இறங்கும். நடுராத்திரியை ஒட்டிக் கால் கட்டணம். அதனால் இந்தூரிலே அப்பா சாப்பிடாமல்கூட வரிசையிலே நிற்பார். இங்கே அம்மா தூங்காமல் உட்கார்ந்திருக்கும்.

அப்படிக் காத்திருந்து போட்ட போனை ஒரு மெஷின் எடுத்தால்? எடுத்த நொடியிலேயே மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும், ஐயா! எக்ஸ்சேஞ்சுக்கு ஆள் எடுத்தானா பெட்டி எடுத்ததா என்று தெரியாது. எடுத்தாகிவிட்டது, அவ்வளவுதான். பெட்டி நிதானமாகச் சொல்லும்: "வணக்கம். நாங்கள் இப்போது வீட்டில் இல்லை. பீப் ஒலி கேட்டதும் உங்கள் பெயர், செய்தி…" அதற்குள்ளே மீட்டரிலே இரண்டு டீக்காசு ஓடிவிடும். வீட்டிலே ஆள் இல்லை என்று தெரிந்துகொள்ள மனுஷன் காசு கொடுக்க வேண்டும்! மணி அடித்து யாரும் எடுக்காவிட்டால் அந்தச் சேதி இலவசம். (பலத்த கைதட்டல்)

ஆன்சரிங் மெஷின் இங்கே தோற்றதற்குக் காரணம் வெட்கம் இல்லை, நடுவர் அவர்களே. கூப்பிடுகிறவன் தலையிலே செலவை ஏற்றிய கருவி அது. வாங்கி வைத்தவருக்கு வசதி, கூப்பிட்டவருக்குத் தண்டம். அதை வாங்கி மாட்டிய எங்கள் ஊர் டாக்டர் ஒருவர், "ராத்திரி யாரோ பதினாலு தடவை கூப்பிட்டிருக்காங்க, ஒருத்தர்கூடப் பேசல, மூச்சு விடற சத்தம்தான் இருக்கு" என்று குறைபட்டுக்கொண்டார். பதினாலு தடவை வைத்தவர்கள் பதினாலு முறை பணம் கட்டியிருக்கிறார்கள்!

நம் ஆஞ்சநேயரையே எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையிலிருந்து திரும்பி வந்து ராமனிடம் சேதி சொல்கிறார். கம்பர் என்ன செய்தார்? 'பார்த்துவிட்டேன்' என்கிற சொல்லை முதலிலே வைத்தார். யாரை, எங்கே என்பதெல்லாம் அப்புறம். ஏன்? கேட்கிறவர் தவிப்பு ஒரு நொடிகூட நீளக் கூடாது. எங்கள் அப்பாவும் அப்படித்தான். போனை எடுத்ததும் "ஹலோ" கிடையாது. "நல்லாருக்கேன். லோடு இறக்கியாச்சு. வெள்ளிக்கெழம கெளம்பறேன்." பத்து நொடி. கம்பருக்குக் கவிதை, எங்கப்பாவுக்குப் பல்ஸ்! (சிரிப்பு, கைதட்டல்)

பல்ஸுக்கும் காசில்லாத நாளிலே? "ஒரு மணி அடிச்சு நின்னா ஊர் சேர்ந்துட்டேன்னு அர்த்தம். ரெண்டு தரம் அடிச்சு நின்னா வண்டி ரிப்பேர், ரெண்டு நாள் தாமதம்." வீட்டிலே யாரும் எடுக்கக் கூடாது. நான் சின்னப்பிள்ளையாக ஓடிப்போய் எடுக்கப் பார்ப்பேன், அம்மா கையைப் பிடித்துக்கொள்ளும். மணி நின்ற பிறகு அம்மா ஒரு பெருமூச்சு விட்டு, "உங்கப்பா நாக்பூர் சேந்துட்டாரு, படு" என்று சொல்லும். மிஸ்டு கால் என்று பிற்பாடு பெயர் வைத்தார்கள். எங்களுக்கு அப்போதே அது தபால்.

இதிலே ஒரு வேடிக்கை. ஆன்சரிங் மெஷின் செய்த கம்பெனிக்காரர்களுக்கும் இந்தக் கணக்குத் தெரிந்திருக்கிறது! அதிலே 'டோல் சேவர்' என்று ஒரு பொத்தான் உண்டு. நீங்கள் வெளியூரிலிருந்து உங்கள் வீட்டு மெஷினைக் கூப்பிடுகிறீர்கள். புதுச் செய்தி இருந்தால் இரண்டாவது மணியிலேயே எடுக்கும். இல்லையென்றால் நாலு மணி வரை எடுக்காது. மூன்றாவது மணி கேட்டதுமே நீங்கள் வைத்துவிடலாம், காசு மிச்சம். எங்கள் அம்மா பள்ளிக்கூடம் போகாமல் கண்டுபிடித்ததை அவர்கள் பொத்தானாகப் போட்டு விற்றார்கள். (சிரிப்பு)

"அப்போ மெஷின் உபத்திரவம்னு ஒத்துக்கறீங்களா?" என்று எதிரணி அண்ணன் சிரிக்கிறார். பொறுங்கள். இன்னும் முட்டை விலை சொல்லவில்லையே!

இந்த ஊரிலே காலையிலே எழுந்ததும் காபிக்கு முன்னாலே கேட்கிற கேள்வி எது? "இன்னிக்கி வெலை என்ன?" 1982-ல் டாக்டர் பி.வி. ராவ் முன்னின்று தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை ஆரம்பித்ததிலிருந்து, மண்டலம் மண்டலமாக முட்டை விலை அறிவிப்பது வழக்கம். நாமக்கல் மண்டலத்து விலையிலே அஞ்சு காசு ஏறினாலும் இறங்கினாலும் லட்சக்கணக்கான முட்டைக்கு அது கணக்கு. எங்கள் மாமா ஒருவர் பண்ணையும் வைத்து, நாலு சின்னப் பண்ணைக்காரர்களுக்கு ஏஜெண்டாகவும் இருந்தார். காலையிலே ஆறு மணியிலிருந்து போன். "மாமா, வெலை?" "அண்ணா, வெலை?" பல் விளக்க முடியாது மனுஷனால். கார்ட்லெஸ் வாங்கினார், கோழிக் கொட்டகைக்குள்ளே எடுத்துப் போகலாம் என்று. தகரக் கூரைக்குள்ளே போனதும் கொரகொர என்று சத்தம். நூறு மீட்டர் எட்டும் என்று பெட்டியிலே போட்டிருந்தது வெட்டவெளிக் கணக்கு. தகரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் அது பொருந்தாது. வாங்கும்போது எந்தக் கடைக்காரரும் இதைச் சொல்வதில்லை.

மாமா என்ன செய்தார்? மகன் வாங்கி வந்து சும்மா கிடந்த ஆன்சரிங் மெஷினை எடுத்தார். அதிலே வரவேற்புக் குரல் பதிகிற இடத்திலே, தினமும் விலை வந்ததும் அவரே பேசிப் பதிவார்: "வணக்கமுங்க. இன்னைக்கி நாமக்கல் வெலை முட்டைக்கு இத்தனை காசு. நேத்தைக்கு இத்தனை. வேற சேதி இருந்தா பத்து மணிக்கு மேல கூப்புடுங்க." அவ்வளவுதான். பீப் எல்லாம் யாருக்கும் தேவைப்படவில்லை. உள்ளூர் போன் ஒரு கால் கணக்கோடு முடியும். கேட்டதும் வைத்துவிடுவார்கள். 'உன் சேதியைச் சொல்லு' என்று மெஷின் கேட்டபோது ஒருத்தரும் சொல்லவில்லை. 'என் சேதியைக் கேளு' என்று மெஷின் சொன்னபோது சுற்று வட்டாரப் பண்ணையெல்லாம் கேட்டது. எங்கள் அத்தை மட்டும், "கட்டின நாளா எங்கிட்டக்கூட இத்தனை மரியாதையாப் பேசுனதில்ல, அந்தப் பொட்டிகிட்ட 'வணக்கமுங்க'வாம்!" என்று புலம்பிக்கொண்டிருந்தது. (பலத்த சிரிப்பு)

இப்படித்தான், நடுவர் அவர்களே. கம்பெனிக்காரன் ஒரு வேலைக்குச் செய்து அனுப்புகிறான். நம் வீட்டுப் பெண்களும் பண்ணைக்காரரும் டிரைவரும் தங்களுக்கு என்ன வேண்டுமோ அதை அதற்குள்ளிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். எதிரணி அண்ணன் கருவியைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றினார். நான் கேட்பது ஒன்றுதான். அந்த ராசிபுரத்து வீட்டிலே, அந்தச் சாயங்காலம், போனுக்குக் கம்பி இருந்திருந்தால் எங்கள் அக்கா எங்கே நின்று பேசியிருப்பாள்? அதற்கு அண்ணன் பதில் சொல்லட்டும், தீர்ப்பு யார் பக்கம் போனாலும் ஏற்றுக்கொள்கிறேன். (கைதட்டல்)

நடுவர் ஒரு தடவை மணி அடித்து நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டுக் கணக்குப்படி ஒரு மணி என்றால் ஊர் வந்து சேர்ந்தாச்சு என்று அர்த்தம். என் இடத்துக்குப் போகிறேன்.